கடல் மீன் நின்று பார்க்கிறது, கண்மாய் மீன் ஏன் ஓடுகிறது? கூச்ச மீன்களைப் படமெடுக்கக் கருவி தேர்ந்தெடுப்பது எப்படி

மண்டபம், பாம்பன் பக்கம் அனுமதி உள்ள இடத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினால், பவளப்பாறையில் மேயும் கிளிமீன் கை எட்டும் தூரத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே ஆள், அதே கருவியோடு ராமநாதபுரத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கண்மாயில் இறங்கட்டும். கிடைப்பது கலங்கிய தண்ணீரும், ஓரத்தில் மங்கலாக ஒரு வால் நுனியும்தான்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "நல்ல தண்ணி மீனுக்குப் பயம் அதிகம்" என்பார் ஒருவர். "கருப்பு உடை போட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். "ஸ்கூபா சிலிண்டரோடு போய் அடியில் உட்கார்ந்தால் மீன் தானாக வரும்" என்பது மூன்றாமவர் யோசனை. இதில் கடைசி யோசனைதான் அதிகம் கெடுக்கிறது. மீன் உங்களை எப்படி உணர்கிறது என்று தெரிந்தால், எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். அங்கிருந்தே தொடங்கலாம்.

மீனுக்குக் காது உண்டு, வெளியே தெரியாது

தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் மீனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். எனவே ஒலி அதன் உடம்புக்குள் தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஒலியைப் பிடித்து அதிர, உள்ளே காற்று அடைத்த ஏதாவது ஒன்று வேண்டும். தவிலுக்குள் காற்றில்லாமல் தண்ணீரை நிரப்பிவிட்டு அடித்தால் என்ன சத்தம் வரும்? அந்தக் கதைதான்.

மீனுக்குள் இருக்கும் அந்தத் தவில்தான் காற்றுப்பை. வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய பை. மீன் மூழ்காமலும் மேலே எழும்பாமலும் நிற்க உதவுவது. பல கடல் மீன்களுக்கும் இது உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பைக்கும் காதுக்கும் நேரடி இணைப்பு இருக்காது. பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை கேட்பது ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைத்தான்.

கெண்டை, கெளுத்தி, அயிரை ஆகியவற்றின் உடம்பமைப்பு வேறு. இவற்றின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே குட்டிக் குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. இவற்றுக்கு வெபர் எலும்புகள் என்று பெயர். பை அதிர்ந்தால் அந்த அதிர்வை எலும்புகள் அப்படியே காதுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் இந்த மீன்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மிதந்துவிடாமல் இருக்க இடுப்பு பெல்ட்டில் கட்டும் ஈயக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும் 'டிக்', ஸ்டீல் கொக்கி சிலிண்டரில் படும் 'டங்', எல்லாம் அதன் காதில் விழும்.

போதாததற்கு, கடல் இரைச்சலான இடம். அலை ஒரு பக்கம், சொடுக்கு இறால்கள் பொரி பொரிவதுபோல் விடாமல் எழுப்பும் சத்தம் இன்னொரு பக்கம். அந்தச் சந்தைக்குள் உங்கள் சத்தம் கரைந்துவிடும். காற்றில்லாத காலையில் ஒரு கண்மாய் நள்ளிரவுத் தெருவைப் போல அமைதியானது. அங்கே செருப்புச் சத்தம்கூட ஊருக்கே கேட்கும்.

தொடாமலே தொட்டறியும் தோல்

காது ஒன்றுதான் என்றாலாவது பரவாயில்லை. ஒரு கெண்டையைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். செவுளிலிருந்து வால் வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் பக்கக்கோடு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்துளை. உள்ளே கூழ் போன்ற தொப்பியை மாட்டிக்கொண்டு நுண்மயிர்கள் நிற்கும். தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், நரம்புக்குச் செய்தி போகும்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யாரோ விசிறியை வீசினால் கன்னத்தில் தெரிகிறதல்லவா, அதுபோல. மீனின் உடல் நீளத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள்தான் இது நன்றாக வேலை செய்யும். தூரம் குறைவாகத் தெரியலாம். படமெடுப்பவர் நெருங்க வேண்டிய கடைசித் தூரம் அதுதான் என்பதால், எல்லாப் படமும் கெடுவது அங்கேதான்.

செய்தி போன பிறகு நடப்பதும் வேகம். மீனின் மூளையடியில் மௌத்னர் செல் என்று ஒரு ஜோடி பெரிய நரம்புச் செல்கள் உண்டு. அவற்றில் ஒன்று தூண்டப்பட்டால், ஒரு பக்கத் தசை முழுதும் ஒரே நேரத்தில் இழுத்து, மீன் பிறைபோல வளைந்து திரும்பிவிடும். தூண்டலுக்கும் வளைவுக்கும் இடையே சுமார் நூறில் ஒரு நொடிதான். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அது பத்து முறை நடந்து முடியும். "நல்ல கேமரா இருந்தால் பிடித்துவிடலாம்" என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஓட ஆரம்பித்த மீனைத் துரத்திப் பிடிப்பது கேமராவின் வேலையல்ல. ஓடவிடாமல் வைப்பது கருவிகளின் வேலை.

இதுவரை பார்த்தது: கெண்டையும் கெளுத்தியும் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்கின்றன, நீரசைவைப் பக்கத்தில் உணர்கின்றன. உடை நிறத்துக்கு இன்னும் வேலையே வரவில்லை.

மேலேயிருந்து வருவது எல்லாம் எதிரி

கண்மாய் மீனுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? கொக்கு, நாரை, மீன்கொத்தி, கூழைக்கடா, வீச்சுவலை. எல்லாம் மேலேயிருந்து. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களே கண்மாய்கள்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த மீன்கள் எதைப் பார்த்துப் பிழைத்து வந்திருக்கின்றன என்பது புரியும்.

தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் மேலுலகம் முழுதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். ஒளி வளைவதால் வரும் இந்த வட்டத்துக்கு ஸ்நெல் சாளரம் என்று பெயர். கோணம் ஏறத்தாழ 97 டிகிரி. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு இரண்டேகால் மீட்டர் அளவில் இருக்கும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அடித்தரையைத்தான் காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்கும் ஆள் அந்த வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவார். குனிந்து தவழ்ந்து வருபவர் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி ஒரு கோடாகிவிடுவார். ஆகவே கரையிலிருந்து குதிக்காதீர்கள். உட்கார்ந்து, கால் முதலில், வழுக்கி இறங்குங்கள். நிழல் மீன் மேல் விழாதபடி சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூபா ஏன் இங்கே பொருந்தாது

வழக்கமான ஸ்கூபாவில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அப்படியே தண்ணீரில் விடுகிறோம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து மூச்சு என்றால், நான்கைந்து நொடிக்கு ஒருமுறை வாயில் கவ்வியிருக்கும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரிலிருந்து குமிழ்க் கூட்டம் குமுறிக்கொண்டு கிளம்பும். சத்தமும் உண்டு, அசைவும் உண்டு. மீனுக்கு எது பிடிக்காதோ அது இரண்டும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. ஆழம் குறையக் குறைய மிதப்பைச் சமமாக வைப்பது கடினம். கடலில் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் மேலே வந்தால், மிதவைச் சட்டையில் உள்ள காற்று மூன்று சதவீதம்தான் விரியும். இரண்டு மீட்டர் ஆழக் கண்மாயில் அதே ஒரு மீட்டர் ஏறினால் ஒன்பது சதவீதம் விரியும். விளைவு: மேலே தூக்கும், காற்றை விடுவீர்கள், கீழே போவீர்கள், மறுபடி நிரப்புவீர்கள், 'புஸ்' என்று ஒரு சத்தம். அதற்குள் வண்டலில் முட்டி இடித்திருக்கும்.

ஆழம் இல்லைதானே, ஆபத்து இல்லைதானே என்று நினைப்பதும் தப்பு. சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியக்கூடும்.

'சத்தமில்லாத ஸ்கூபா' என்று சொல்லப்படும் ரீபிரீதர், விட்ட மூச்சைத் தண்ணீரில் விடாமல் சுழற்றித் தரும் கருவி. சோடா சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சும், குறைந்த ஆக்சிஜனைக் கருவி சேர்க்கும். மீன் கண்டுகொள்ளாது என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத்திணறல்கூடத் தெரியாமல் மயக்கம் வரும். தனிப் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாத கருவி. நெஞ்சளவுத் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை.

அப்படியானால் எது வேண்டும்?

ஸ்நார்க்கெல், அதாவது முகம் நீருக்குள் இருக்கும்போது மேலிருந்து மூச்சிழுக்க வாயில் கவ்வும் குழாய். அதுவும் இருப்பதிலேயே எளியது. வளைந்த ஒரே குழாய், அடியில் வால்வு இல்லாதது, உச்சியில் பந்து இல்லாதது. 'தண்ணீர் புகாத' ரகத்தின் உச்சியில் உள்ள பந்து ஒவ்வொரு சிற்றலைக்கும் 'டக் டக்' என்று அடிக்கும். வால்விலிருந்து குமிழ் கசியும். முகம் முழுதும் மூடும் மாஸ்க்கும் வேண்டாம். அதில் மூக்கைப் பிடித்துக் காதழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது.

குழாய் 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் போதும். சின்ன வயதில் பப்பாளித் தண்டைக் கடித்துக்கொண்டு கிணற்றில் மூழ்கப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் தண்ணீர் 100 கிராம் எடையை வைக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு மூச்சிழுக்க மார்புத் தசைக்குத் தெம்பு கிடையாது. தவிர, நீளக் குழாய்க்குள் விட்ட மூச்சே திரும்ப வரும்.

முங்கும்போது ஒன்று செய்யுங்கள்: தலை தண்ணீருக்குள் போவதற்கு முன் ஸ்நார்க்கெலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். வாயில் வைத்தபடி முங்கினால் குழாயில் உள்ள காற்று 'களக் களக்' என்று வெளியேறும். கீழக்கரைப் பக்கம் காலங்காலமாகச் சங்கு குளித்தவர்கள் குழாயே இல்லாமல், அடக்கிய ஒரே மூச்சில்தான் இறங்கினார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்துவிடும் பழக்கம் மட்டும் கூடாது. அது ஆக்சிஜனைக் கூட்டாது, மூச்சு விடச் சொல்லும் உணர்வைத்தான் அடக்கும். தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவீர்கள். ஒருவர் முங்கும்போது ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாஸ்க் உள்ளளவு சிறியதாக, ஓரம் கருப்பு சிலிக்கோனாக இருக்கட்டும். நிறமற்ற ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தை உள்ளே விட்டுக் கண்ணாடியில் உங்கள் முகத்தையே காட்டும். கேமராத் திரை தெரியாது.

காலில் என்ன, உடம்பில் என்ன

நீளத் துடுப்புக் காலணி கண்மாயின் முதல் எதிரி. ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் கிளம்பினால், ஒரு மீட்டர் கீழே படிய இரண்டு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு பருமனுள்ள களிமண் துகளுக்கோ, அதே ஒரு மீட்டருக்கு மூன்று நாள் அளவில் ஆகும். கடலடி மணலில் ஒரு உதை உதைத்தால் மன்னிப்பு உண்டு. கண்மாய் வண்டலில் கிடையாது.

எனவே இடுப்பளவு நீரில் துடுப்பே வேண்டாம். மிதந்தபடி விரல் நுனியால் கல்லையோ வேரையோ பற்றி நகருங்கள். ஆழம் கூடினால் குட்டைத் துடுப்பு போதும். மேலும் கீழும் உதைக்காமல், முழங்காலை மடித்துத் தவளை போலப் பக்கவாட்டில் தள்ளுங்கள். தண்ணீர் பின்னால் போகும், அடியில் போகாது.

ஆனால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். நம் கண்மாய்களில் சீமைக் கருவேல முள் எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெல்லிய நீச்சல் காலுறையை அது ஊசிபோலத் துளைக்கும். தடித்த ரப்பர் அடி உள்ள காலணி தேவை.

உடை இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவே. தொளதொளச் சட்டை, லுங்கி எல்லாம் தண்ணீரில் படபடத்து விசிறி வீசும். பக்கக்கோடு அதைப் பிடித்துவிடும். முழுக்கை இறுக்கச் சட்டையும் கால் மூடும் இறுக்க உடையும் பெரும்பாலும் போதும். மார்கழி, தை மாதத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கப்போவதானால் குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட், 2 மில்லிமீட்டர் தடிமனில், நல்லது. நடுங்கும் ஆள் அசையாமல் இருக்க முடியாது. நிறத்துக்கு இப்போதுதான் இடம் வருகிறது: கருப்புதான் வேண்டும் என்பதில்லை. பாசி, சேறு போன்ற மங்கல் நிறமாக, பளிச்சென்ற கோடு இல்லாமல் இருந்தால் சரி.

எடை விஷயத்தில் கடல் கணக்கு தப்பும். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது, அதனால் அதிகம் தூக்கும். உடம்பும் கருவியுமாக 80 லிட்டர் இடத்தை அடைக்கும் ஒருவரைக் கடல் 82 கிலோ அளவுக்குத் தாங்கும், கண்மாய் 80 கிலோ அளவுக்குத்தான். ஆகவே கடலில் கட்டிய ஈயத்தில் 2 கிலோவைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் இறங்கினால் நேராக வண்டலில் போய் உட்காருவீர்கள். மீதமுள்ள கட்டிகள் உரசாதபடி இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகி, ரப்பர் பெல்ட்டில் இறுக்குங்கள்.

சுருக்கமாக: எளிய குழாய், சின்ன மாஸ்க், குட்டைத் துடுப்பு அல்லது துடுப்பின்மை, இறுக்க உடை, குறைந்த ஈயம். தொங்குவதும் உரசுவதும் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

கேமரா

கலங்கல் நீரில் விதி ஒன்றுதான்: கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் மீன் இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தெரிந்தால் அரை மீட்டர். எனவே தொலைநோக்கும் லென்ஸ் வீண், அகன்ற கோண லென்ஸே தேவை. நீர்புகா உறையின் முகப்பு தட்டையாக இருந்தால் நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்து கோணம் குறுகும். அரைக்கோள முகப்பு அந்தக் கோணத்தைத் திருப்பித் தரும்.

விளக்கை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் நடுவில் உள்ள தூசியெல்லாம் மின்னி, படத்தில் பனி பெய்யும். இதுதான் பின்சிதறல். விளக்கை இரு பக்கமும் தள்ளி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஃபோகஸ் உதவி விளக்கையும் 'பீப்' ஒலியையும் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள்.

உறையில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு முடியால்தான். ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மெல்லிதாக சிலிக்கோன் கிரீஸ் பூசி மாட்டுங்கள். கேமரா வைக்காமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு, வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் அமுக்கி வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தால் கேமரா உள்ளே போகலாம்.

கேமராவை மட்டும் ஒரு செங்கல்லில் கட்டி அடியில் வைத்துவிட்டு, கரையிலிருந்து காத்திருப்பதும் முறைதான். மிகக் கூச்சமான கெண்டைக்கு அதைவிடச் சிறந்த 'முக்குளிப்புக் கருவி' இல்லை என்றே சொல்லலாம்.

எங்கே, எப்போது, எந்த மீன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய் உடனே தெளியாது. தை, மாசியில் பாருங்கள். குடிதண்ணீர் ஊருணியில் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். கால் கழுவுவதையே ஊர் பொறுக்காது. கண்மாயானாலும் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும் ஊராரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். பறவைகள் சரணாலயமாக உள்ள கண்மாய் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

பழகுவதற்கு சிலேபி. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளத்தையும் பிடித்துக்கொண்ட மீன். அதற்கு வெபர் எலும்புகள் கிடையாது. ஆண் சிலேபி அடித்தரையில் தட்டுப்போலக் குழி பறித்துக் காவல் காக்கும். விரட்டினாலும் சில நிமிடத்தில் குழிக்கே திரும்பும். குழியிலிருந்து அரை மீட்டரில் கேமராவை நீட்டியபடி கிடந்தால் போதும்.

அடுத்து விரால். அது காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். ஒருமுறை வந்த இடத்தருகே மறுபடி வர வாய்ப்பு உண்டு. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதுபோல் தெரிந்தால் தாயும் தந்தையும் அடியில் இருக்கின்றன என்று பொருள். அங்கே போகாதீர்கள். பெற்ற மீன் விலகிய சில நிமிடத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

கெண்டையும் கெளுத்தியும் கடைசிப் பாடம். இவற்றுக்கு இன்னொரு வழியும் உண்டு எச்சரிக்கை பெற. இந்த இனத்தில் ஒரு மீனின் தோல் கீறப்பட்டால் அதிலிருந்து கசியும் ஒரு பொருள், முகர்ந்த மற்ற மீன்களையெல்லாம் கலைத்துவிடும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-ல் விளக்கிய செய்தி இது. வலையில் பிடித்த மீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்துக்குக் காத்திருப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு மீன் உரசுப்பட்டுவிட்டால், எவ்வளவு அமைதியாகக் கிடந்தாலும் அந்த மூலையில் கூட்டம் கூடாது. சத்தமில்லாமல் கரையேறி, வண்டல் கிளம்பாத வேறொரு மூலையில் முதலிலிருந்து இறங்க வேண்டியதுதான்.